எழுத்தாளர் கண்ட எழுத்தாளர்

'பாம்பின் கால் பாம்பறியும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒரு தொழிலின் நுட்பம் அத்தொழிலைச் செய்வார்க்கே நன்கு விளங்கும் என்பது இதன் கருத்து. துணியின் நெருக்கத்தை நெசவாளன் விரலால் தடவியே அறிந்துகொள்கின்றான். அங்ஙனமே, ஒரு கதையின் கட்டுக்கோப்பு எவ்விடத்தில் உறுதியாக நிற்கின்றது, எவ்விடத்தில் தளர்கின்றது என்பதைக் கதை எழுதுவோர் எளிதிற் காண்பர். ஆயின், ஒரே தொழிலைச் செய்வார் என்பதனாலேயே நட்பும் பொறாமையும் அவர்தம் கண்ணை மறைத்தலும் கூடும். ஆதலின், ஓர் எழுத்தாளர் தம் காலத்து எழுத்தாளரைப் பற்றிக் கூறும் கருத்தை நாம் எவ்வாறு ஏற்பது? இவ்வினாவை ஆராய்தற்குத் தக்க சான்றாக விளங்குபவர் க. நா. சுப்பிரமணியம் ஆவார்.

'க. நா. சு.' என்று சுருக்கமாக வழங்கப்பெறும் அவர் 1912ஆம் ஆண்டு பிறந்து 1988ஆம் ஆண்டு மறைந்தவர். புதினம், சிறுகதை, கவிதை, மொழிபெயர்ப்பு, திறனாய்வு ஆகிய பல துறைகளிலும் உழைத்தவர். 1946இல் வெளிவந்த 'பொய்த்தேவு' அவருடைய புதினங்களுள் தலைசிறந்ததாகப் போற்றப்படுவது. வறுமையிற் பிறந்த ஒருவன் பொருள் முதலிய பலவற்றைத் தெய்வமெனக் கருதி ஒவ்வொன்றாகத் தேடிச் செல்வதை அது கூறுகின்றது. மேனாட்டு இலக்கியத்தில் தோய்ந்தவர் என்று பலரும் கருதிய அவர், தம் நூலுக்குச் சூட்டிய பெயரோ திருவாசகத்தில் வழங்கும் சொல்லாகும். 'இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்' என்னும் அவரது திறனாய்வு நூலுக்கு 1986இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது. புதினம் எழுதிய ஒருவர்க்குத் திறனாய்வு நூலுக்காகப் பரிசு கிடைத்தது என்பதை எண்ணிப் பார்த்தால், பிறர் எழுத்தைப் படிப்பதில் அவர் எத்துணை உழைத்தார் என்பது விளங்கும்.

உடன் பயின்றோர் ஒருவர் நூலை மற்றொருவர் மதிப்பிடுதல் தமிழுக்குப் புதியதன்று. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்தற்கு உரியவர் யாவர் என்று நன்னூலார் வகுத்துள்ளார். நூலாசிரியனுடைய ஆசிரியன், அவனொடு கற்றவன், அவனுடைய மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் என்போரே அவர். இவருள் 'உடன் கற்றவன்' இடம் பெற்றிருத்தல் நோக்கத்தக்கது. இனி, நூலுக்கு அமைய வேண்டிய அழகு பத்து என்று கூறிய நன்னூலார், நீக்க வேண்டிய குற்றமும் பத்து என்று கூறினார். புகழ்தற்கு முறை வகுத்த இலக்கணமே குறை காண்டற்கும் முறை வகுத்தது. இவ்விரண்டும் கூடியதே உண்மையான மதிப்பீடு. இக்காலத்திலோ அணிந்துரைகள் பெருகின. அவற்றுட் குற்றம் கூறுவனவற்றைக் காண்டல் அரிது.

இவ்வாறு புகழ்ச்சி மலிந்த சூழலில், க. நா. சு. தமக்குச் சரியெனப் பட்டதை அஞ்சாது எழுதினார். பலர் விரும்பிப் படித்தல் ஒன்றே ஒரு நூலை இலக்கியம் ஆக்கிவிடாது என்பது அவர் கொள்கை. வார இதழ்களின் தொடர்கதைகள் தமிழ்ப் புதினத்தின் வளர்ச்சிக்குத் தடையாயின என்று அவர் கருதினார். மக்களிடையே பெரும்புகழ் பெற்றிருந்த கல்கி முதலியோரைக் கூட அவர் இவ்வளவையினின்றும் விலக்கவில்லை. பலர்க்கு இது சினம் ஊட்டிற்று. தமிழ்ப் பண்டிதர் பலர்க்கும் அவர்க்கும் கருத்தொற்றுமை இருந்ததில்லை. ஆயினும், அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டு புகழைத் தேடினாரல்லர்.

குறை கூறுவோர் எந்நாளும் உளர். க. நா. சு.வை அவரினின்றும் வேறுபடுத்துவது, அவர் குறை கூறியதினும் மிகுதியாகப் பிறரை அறிமுகம் செய்தார் என்பதே. ஆர். சண்முகசுந்தரம் 1942இல் வெளியிட்ட 'நாகம்மாள்' என்னும் சிறு புதினத்தை அவர் பலகாலும் பாராட்டினார். கொங்குநாட்டுச் சிற்றூர் ஒன்றில், கைம்பெண் ஒருத்தி குடும்ப நிலத்தில் தன் பங்கைக் கேட்க, அதனால் மூளும் பகையைக் கூறுவது அக்கதை. அதில் வரும் மாந்தர் தம் நாட்டுப் பேச்சிலேயே பேசுவர். அதுபோலவே, குமரி மாவட்டத்து இரணியல் வட்டார வாழ்வைக் கூறும் நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' என்னும் புதினத்தை, தம்மினும் இளையவர் எழுதியது என்று எண்ணாது, தாமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். வட்டாரப் பேச்சைப் புதினத்தில் எழுதலாமோ என்று ஐயுறுவார் உளர். திசைச்சொல்லையும் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் ஏற்றுக்கொண்டதை அவர் நினைதல் வேண்டும். செய்யுளே ஏற்றதை உரைநடைக் கதை ஏலாது என்பது பொருந்துமோ?

பிறநாட்டு நூல்களையும் அவர் தமிழர்க்குக் கொணர்ந்தார். நார்வே நாட்டு நட் ஹாம்சனின் 'நிலவளம்', சுவீடன் நாட்டுச் செல்மா லாகர்லெவின் 'மதகுரு', அந்நாட்டுப் பேர் லாகர்குவிஸ்டின் 'அன்பு வழி' ஆகியவை அவர் மொழிபெயர்த்தவற்றுட் சில. இவை வெறும் மொழிபெயர்ப்புப் பணி மட்டும் அல்ல. உலகில் நல்ல புதினம் எவ்வாறு இருக்கின்றது என்பதை நேரே காட்டி, அவ்வளவுகோலைப் படிப்பார் கையிலும் கொடுத்த செயல் ஆகும். தம் காலத்தாரைக் கடிந்து பேசுவோர், எதனோடு ஒப்பிட்டுக் கடிகின்றோம் என்று காட்டக் கடமைப்பட்டவர். அக்கடமையை அவர் செய்தார்.

இனி, அவர் கருத்துகளுள் நாம் உடன்பட இயலாதனவும் உள. தொடர்கதை புதினத்தைக் கெடுக்கும் என்பது முழு உண்மையன்று. க. நா. சு. பெரிதும் மதித்த பழைய புதினங்களுள் ஒன்று, பி. ஆர். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. அது 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' என்னும் மாத இதழில் தொடர்ந்து வெளிவந்ததேயன்றோ? பகுதி பகுதியாக வருதல் குற்றமாயின், அந்நூலும் கெட்டிருத்தல் வேண்டும். கெடவில்லை. ஆகவே, குற்றம் தொடரில் இல்லை. அடுத்த வாரம் படிப்பாரை இழுத்துப் பிடித்தல் ஒன்றையே கருதி எழுதுவதில் உள்ளது. இதனை நன்னூலார் மொழியிற் கூறின், 'மற்றொன்று விரித்தல்', 'சென்று தேய்ந்து இறுதல்' என்னும் குற்றங்கள் ஆகும்.

கல்கியைப் பற்றிய அவர் தீர்ப்பும் ஒரு பக்கத்தையே காட்டுவது. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்', சோழர் வரலாற்றை வீடுதோறும் பேசச் செய்தது. நூலைக் கையில் எடுத்தறியாத பலரை நூல் படிக்கச் செய்தது. ஒரு மொழியில் ஆழ்ந்த நூல்கள் நிலைபெறுதற்கு, முதலில் படிப்பார் கூட்டம் ஒன்று வேண்டும். அக்கூட்டத்தை உண்டாக்கியவரின் தொண்டு சிறிதன்று. ஆயினும், இனிய கதையே இலக்கியத்தின் எல்லை என்று அக்கூட்டம் அங்கேயே நின்றுவிடுமாயின், க. நா. சு. அஞ்சியது உண்மையாகிவிடும்.

பிறிதொன்றும் உண்டு. சிறந்த எழுத்தாளர் இவர் இவர் என்று பெயர்களை வரிசைப்படுத்திக் கூறும் வழக்கம் அவரிடம் இருந்தது. பல இடங்களில், ஏன் சிறந்தவர் என்பதற்குரிய விளக்கம் சுருங்கியே இருந்தது. சுவையறிதல் பழக்கத்தால் வருவது, அதனை மெய்ப்பித்துக் காட்டல் அரிது என்பது ஓரளவு உண்மையே. எனினும், நம் உரையாசிரியர் நெறி வேறு. பரிமேலழகர் ஒரு பாடத்தைக் கொள்ளும்போதும் பிறர் உரையை மறுக்கும்போதும் அதற்கொரு காரணம் காட்டுவார். நாம் அக்காரணத்தை ஏற்கலாம், மறுக்கலாம். காரணம் இருந்தால்தான் மறுத்தற்கும் இடம் உண்டு. பெயர்ப் பட்டியலோ நம்பச் சொல்கின்றதேயன்றி ஆராயச் சொல்லவில்லை.

அங்ஙனமாயின், க. நா. சு.வின் மதிப்பீட்டால் விளைந்த பயன் யாது? அவர் தீர்ப்புகள் யாவும் நிலைக்க வேண்டும் என்பதில்லை. காலம் சிலவற்றை ஏற்கும், சிலவற்றைத் தள்ளும். ஆனால், அவர் சுட்டியமையால் 'நாகம்மாள்' போன்ற நூல்களைத் தேடிப் படித்தவர் பலர். உடன் எழுதுவோர் ஒருவர், 'இந்நூலைப் படித்துப் பாருங்கள்' என்று கூறும் சொல், நீதிமன்றத் தீர்ப்பு அன்று, அழைப்பு. அழைப்பைப் பெற்றவர் நேரிற் சென்று காண்பதே முறை. ஒருவர் புகழ்ந்தார் என்பதற்காகப் படியாமலே புகழ்தலும், ஒருவர் இகழ்ந்தார் என்பதற்காகப் படியாமலே இகழ்தலும் ஒரே வகை அறியாமை.

மாணவர்களே! நூலைப் படியாது நூலைப் பற்றிய குறிப்பை மட்டும் படித்துத் தேர்வு எழுதிவிட இயலும் காலம் இது. பரிசு பெற்றது எது, பலர் பேசுவது எது என்று கேட்டறிந்து, அதனையே தம் கருத்தாக உரைத்துவிடவும் இயலும். இவ்வாறு இரவல் கருத்தால் வாழும் படிப்பாரிடையே நல்ல எழுத்தாளன் வளர மாட்டான். அவன் குறையைச் சொல்வாரும் இல்லை; நிறையை அறிவாரும் இல்லை.

ஆதலின், சிறிய முயற்சி ஒன்றைச் செய்து பாருங்கள். 'பொன்னியின் செல்வ'னில் ஓர் அதிகாரமும், 'நாகம்மா'ளில் ஓர் அதிகாரமும் எடுத்துக்கொள்ளுங்கள். கதைமாந்தர் பேச்சு அவர் உள்ளத்தைக் காட்டுகின்றதா, ஆசிரியர் உள்ளத்தைக் காட்டுகின்றதா என்று நோக்குங்கள். இவ்வதிகாரத்தை நீக்கினால் கதைக்குக் குறை நேருமா என்று எண்ணுங்கள். நன்னூலார் கூறிய பத்து அழகினுள் எவை உள, பத்துக் குற்றத்தினுள் எவை உள என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பின்னரே திறனாய்வாளர் கூற்றைப் படியுங்கள். அவர் கூற்று உங்கள் கருத்தோடு ஒத்திருந்தால் மகிழலாம். மாறுபட்டிருந்தால், காரணம் தேடி மீண்டும் ஒருமுறை நூலைப் படிக்கலாம். இரண்டாவதே பெரிய பயன்.