இலவச மின்சாரமும் கிணற்று மோட்டாரும்: கணக்குக் கேட்பவன் யார்?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



கடலோர ஊரில் படகு வைத்திருக்கும் மீனவர் ஒருவர், பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு எண்ணெய் குறைவாகக் குடிக்கும் புதிய எஞ்சினைப் பொருத்துகிறார் என்றால், அதன் அவசியத்தை அவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கடலுக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் எண்ணெய்க்கான பணத்தைத் தம் மடியிலிருந்து எண்ணிக் கொடுப்பவர் அவரே. இலங்கையில் 2022 ஆகஸ்டு மாதம் ஒரு லிட்டர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபோது, மண்ணெண்ணெயை நம்பிப் படகோட்டிய சிறு மீனவர்கள் அந்தக் கணக்கின் கொடுமையை நேரடியாகவே உணர்ந்தனர்.

நமதூருக்குக் கடல் இல்லை. மேற்கே மலை, அதன் அடிவாரத்தில் 72 அடி உயரத்திற்கு நீர் தேக்கும் கருப்பாநதி அணை, அதன் பின் குளங்கள், வயல்கள், தோப்புகள், கிணறுகள். நம் எஞ்சின் என்பது கிணற்று மோட்டார்தான். ஆனால் மீனவருக்கும் நமக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 1990 முதல் தமிழகத்தில் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசமாக வழங்கப்படுகிறது. ஆகவே தோட்டத்து மோட்டார் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று நாம் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும் என்பதே நமது கருத்து.

இலவசம் என்றால் என்ன?

இந்தச் சலுகையை நாம் குறை கூறவில்லை. பிசான நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாமல் தவிக்கும் சிறு விவசாயிக்கு அது உயிர்நாடி. எனினும், வாங்குபவர் பணம் கொடுக்கவில்லை என்பதால் பொருளுக்கு விலையே இல்லை என்றாகிவிடாது. விவசாயி செலுத்தாத கட்டணத்தை அரசு மின்வாரியத்துக்குச் செலுத்துகிறது. அது மக்களின் வரிப்பணம். பீடி சுற்றும் பெண் வாங்கும் சோப்பிலும், கூலி வேலை செய்பவர் வாங்கும் செருப்பிலும் அதன் ஒரு துளி இருக்கிறது. பொதுச்சொத்து என்பது அமானிதம். அதை வீணாக்குபவர் தம் பணத்தை வீணாக்குபவரைக் காட்டிலும் கூடுதலாகப் பதில் சொல்ல வேண்டியவர்.

ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து உளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுக்கம். ஆற்று நீருக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. விலையில்லாத இடத்திலும் விரயம் விரயமே என்பதுதான் அதிலுள்ள பாடம். தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்றும் ஹதீஸ் உண்டு. கிணற்று மோட்டார் அந்த மூன்றில் இரண்டை ஒரே நேரத்தில் கையாளுகிறது. நெருப்பின் இக்கால வடிவமான மின்சாரத்தைச் செலவிட்டுத் தண்ணீரை அது மேலே கொண்டுவருகிறது.

ஒரு சிறு கணக்கு

ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஆக, 5 எச்.பி. மோட்டார் தரும் ஆற்றல் 3,730 வாட். மோட்டாரின் திறன் 75 சதவீதம் என்று கொண்டால், அது மணிக்கு ஏறத்தாழ 5 யூனிட் இழுக்கும். நாளொன்றுக்கு 6 மணி நேரம் ஓடினால் 30 யூனிட்.

மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்து மங்கள்வேதாவில் 2,200-க்கும் மேற்பட்ட பழைய பம்புசெட்டுகளைக் கழற்றிவிட்டு, நட்சத்திரக் குறியீடு பெற்ற திறன்மிகு பம்புகளைப் பொருத்தினர். அங்கே மின்சாரம் மிச்சமானது. இங்கே மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும் என்று கொண்டால் நாளுக்கு 10 யூனிட், இரண்டு மாதங்கள் தொடர்ந்து இறைத்தால் 600 யூனிட். ஒரு வீட்டுக்கு இரண்டு மாதங்களுக்கு அரசு இலவசமாக வழங்குவது 100 யூனிட். அப்படியானால் ஆறு வீடுகளின் பங்கை ஒரே கிணற்றடியில் நாம் வீணே சூடாக்கிக் கொண்டிருக்கிறோம்.

எதை மாற்றுவது, எப்போது மாற்றுவது?

ஓடுகின்ற மோட்டாரைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் கூற வரவில்லை. அதுவும் ஒரு விரயமே. முதலில் செலவு குறைந்தவற்றைச் சரிபார்க்க வேண்டும். ஃபுட் வால்வு கசிகிறதா? துருப்பிடித்த குறுகிய இரும்புக் குழாய்க்குப் பதிலாக அகலமான பி.வி.சி. குழாய் போட முடியுமா? தேவையற்ற வளைவுகளைக் குறைக்க முடியுமா? குழாயின் உராய்வில் தொலையும் ஆற்றல் சிறிதன்று.

அதன் பின்னரே மோட்டார். காயில் எரிந்து போகும்போது மீண்டும் மீண்டும் காயில் கட்டி ஓட்டுவதே நம் வழக்கம். சரிவரக் கட்டப்படாத ஒவ்வொரு முறையும் திறன் குறைகிறது. புதியது வாங்கும் செலவுக்கு அஞ்சி அதை ஏற்றுக்கொள்கிறோம். இனி காயில் எரியும் நாளையே மாற்றத்துக்குரிய நாளாகக் கொள்வோம். சிறு, குறு விவசாயிகள் பழைய மோட்டாரை மாற்றுவதற்கு வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியம் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. அங்கே சென்று விசாரிக்க நாம் தயங்க வேண்டியதில்லை.

மாற்றும்போது மூன்று செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒன்று, கிணற்றின் ஆழத்துக்கும் தேவைக்கும் ஏற்ற பம்பையே வாங்க வேண்டும். 5 எச்.பி.க்கு அனுமதி பெற்றுவிட்டு 7.5 எச்.பி. பொருத்துவது மோசடி. அந்த மிகைச்சுமையால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால், பக்கத்துத் தோட்டக்காரரின் பயிர் வாடும். அது அடியாரின் உரிமை சார்ந்த விஷயம். அவரே மன்னித்தாலன்றித் தீராது.

இரண்டு, பழைய மோட்டாரை மலிவு விலைக்கு இன்னொரு விவசாயியிடம் விற்றுவிட்டால் எதுவும் மிச்சமாகப் போவதில்லை. அது வேறொரு கிணற்றில் அதே பொது மின்சாரத்தைத்தான் குடிக்கும். அதைப் பழைய இரும்புக்குப் போடுவதே நேர்மை.

மூன்று, இதுவே மிக முக்கியமானது. புதிய பம்பு விரைவாக நீரை இறைக்கும். முன்பு ஆறு மணி நேரத்தில் வந்த நீர் நான்கு மணி நேரத்தில் வந்துவிட்டால், நான்கு மணி நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். ஆறு மணி நேரமும் ஓட்டினால் மின்சாரமும் மிஞ்சாது. பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டமும் இறங்கும். நிலத்தடி நீருக்கு வரப்பு கிடையாது. திறன்மிகு மோட்டார் பேராசைக்காரரின் கையில் கிடைத்தால், பழைய மோட்டாரே மேல் என்றாகிவிடும்.

உஷ்ரும் ஒரு கேள்வியும்

மழையாலும் ஊற்றாலும் விளைந்தவற்றில் பத்தில் ஒரு பங்கு, உழைத்து நீர் இறைத்து விளைவித்தவற்றில் இருபதில் ஒரு பங்கு என்று நம் மார்க்கம் விளைச்சலின் ஜகாத்தை வகுத்துள்ளது. கமலை கட்டி மாடுகளோடு சேர்ந்து வியர்வை சிந்தியவரின் சிரமத்தை ஷரீஅத் மதித்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கட்டணமின்றி நீர் கொட்டும் காலத்தில் நமக்குரிய பங்கு எது? தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று, ஆலிம்களிடம் கேட்போம். ஆயினும் இறைப்பதற்கான செலவில் பெரும்பகுதியைப் பொதுமக்கள் சுமக்கிறார்கள் என்ற உணர்வோடு அந்தக் கேள்வியைக் கேட்போம்.

பள்ளிவாசலிலிருந்து தொடங்கலாம்

ஹவ்ழை நிரப்பும் பள்ளிவாசல் மோட்டார், மதரஸாவின் ஆழ்துளைக் கிணறு, வக்ஃபு நிலத்துப் பம்புசெட் ஆகியவற்றை ஜமாஅத் நிர்வாகிகள் முதலில் பரிசோதிக்கட்டும். பழுதானவற்றை மாற்றி, முன்பு ஓடிய நேரத்தையும் இப்போது ஓடும் நேரத்தையும் பள்ளிவாசல் பலகையில் எழுதி வைக்கட்டும். நூறு சொற்பொழிவுகள் செய்யாததை அந்தப் பலகை செய்யும். வெளிநாட்டில் உழைக்கும் நமதூர்ச் சகோதரர்கள், மானியம் போக மீதித் தொகையைத் திரட்ட முடியாத ஏழை விவசாயி ஒருவருக்கு உதவினால் அதுவும் சதக்காவே. மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்காக வழங்கிய உஸ்மான் (ரலி) அவர்களின் வழியில் வந்தவர்கள் நாம்.

தோட்டத்து மின்சாரத்துக்கு நம்மிடம் பில் வருவதில்லை. ஆனால் ஒவ்வொரு அருட்கொடையைப் பற்றியும் கேள்வி கேட்கப்படும் நாள் ஒன்று வரவிருக்கிறது. அந்நாளில் தண்ணீரும் மின்சாரமும் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லாதிருக்க, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.