அத்லானா, பென்டியமா? தென்காசிக் கடை மேசையின் கணக்கு

சாரல் விழுந்து குற்றாலத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டால் லாட்ஜ் வரவேற்பறைகளில் ஒரே கம்ப்யூட்டர் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும். ஆதார் அட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும், ஆன்லைன் முன்பதிவைப் பார்க்க வேண்டும், பில் அடிக்க வேண்டும். தென்காசியின் ஜெராக்ஸ் கடைக்கும் டைப்பிங் சென்டருக்கும் இதே கதைதான். கேம் ஆடுகிறவர்களும் வீடியோ எடிட் செய்கிறவர்களும் தேடும் பெரிய சிப்புகளுக்கு இந்த மேசைகளில் வேலை இல்லை.

இப்படிப்பட்ட மேசைகளைக் குறிவைத்து 2018-ல் இரண்டு சிப்புகள் வந்தன. ஏப்ரலில் இன்டெல்லின் பென்டியம் கோல்டு ஜி5400, அறிவிப்பு விலை 64 டாலர். செப்டம்பரில் ஏஎம்டியின் அத்லான் 200ஜிஇ, 55 டாலர். அன்றைய மதிப்பில், வரி சேர்க்காமல், அத்லான் நாலாயிரம் ரூபாயை ஒட்டியும் பென்டியம் அதற்குச் சில நூறு ரூபாய் மேலேயும் வந்தது. இப்போது இவை பூட்டிய அசெம்பிள்டு செட்டுகள் பழைய சாமானாகக் கைமாறுகின்றன. 'எது நல்ல சிப்' என்று கேட்டால் கடைக்குக் கடை வேறு பதில் வரும். பதில்கள் பெரும்பாலும் கடையில் எந்தப் பலகை (மதர்போர்டு) மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தவை.

காகிதத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. இரண்டிலும் இரண்டு கோர், நான்கு திரெட். பென்டியம் 3.7 கிகாஹெர்ட்ஸில் ஓடும், அத்லான் 3.2-ல். ஒரு கோரை நம்பியே நடக்கும் வேலைகளில், அதாவது டேலி திறப்பது, எக்செல்லில் கூட்டல் போடுவது போன்றவற்றில், பென்டியம் ஒரு எட்டு முன்னால் நிற்கும். படம் காட்டும் வேலைக்கு வந்தால் கதை தலைகீழ். அத்லானுக்குள் இருக்கும் வேகா 3 கிராபிக்ஸ், பென்டியத்தின் யுஎச்டி 610-ஐத் தெளிவாகவே தோற்கடிக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு வாங்க வழியில்லாத வீட்டில், பழைய கேம் ஒன்றைப் பையன் ஆட ஆசைப்பட்டால் அத்லான்தான் உதவும். அதிலும் ஒரு நுணுக்கம்: 8 ஜிபி ரேமை ஒரே துண்டாகப் போடாமல் நான்கு நான்காக இரண்டு துண்டு போட்டால்தான் அந்த கிராபிக்ஸ் முழு வேகம் காட்டும். பழைய செட் வாங்குகிறவர்கள் கேபினெட்டைத் திறந்து இதைப் பார்ப்பது அபூர்வம்.

வெப்பக் கணக்கில் அத்லான் 35 வாட் சிப். பென்டியத்துக்கு ஐம்பதைத் தாண்டிய மதிப்பு. இதை மின்கட்டணத்தோடு முடிச்சுப் போட்டுப் பேசும் விற்பனையாளர்களை நம்ப வேண்டியதில்லை. அந்த எண் கூலரின் தாங்குதிறனுக்காகச் சொல்லப்படுவது. பில் அடிக்கும் வேலையில் இரண்டுமே அந்த அளவை எட்டுவதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றில் ஈரம் தங்கும் ஊரில், கூலர் விசிறியில் தூசியும் ஈரமும் சேர்ந்து அப்பிக்கொள்ளும் பசைதான் எந்த வாட் கணக்கையும்விடப் பெரிய பகை.

உண்மையில் கடைக்காரர் 'சிஸ்டம் ஸ்லோ' என்று திட்டும்போது அவர் திட்ட வேண்டியது பெரும்பாலும் சிப்பையே அல்ல. சுழலும் ஹார்ட் டிஸ்க்கும், 4 ஜிபி ரேமும்தான் குற்றவாளிகள். இன்று வேலையெல்லாம் பிரவுசருக்குள் போய்விட்டது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் இருக்கிறது ஜோஹோ அலுவலகம். அந்த நிறுவனத்தின் தென்காசிக் குழு உருவாக்கிய 'ஜோஹோ டெஸ்க்' மென்பொருளும் பிரவுசரில் திறப்பதுதான். பத்து டேப் திறந்தால் முதலில் மூச்சு முட்டுவது ரேமுக்கு. இரண்டு சிப்புகளில் எதுவாக இருந்தாலும் எஸ்எஸ்டி ஒன்றும் 8 ஜிபி ரேமும் போட்ட செட், இவை இல்லாத ஐ3 செட்டைவிட மேசையில் சுறுசுறுப்பாகத் தெரியும். பெஞ்ச்மார்க் மதிப்பெண்ணை மட்டும் வைத்து அத்லானையும் பென்டியத்தையும் மோதவிடும் விமர்சனங்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

வெளிவந்த ஆண்டில் அத்லானுக்கு ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது. 2018 செப்டம்பரில் இன்டெல்லின் இடைக்காலத் தலைவர் பாப் ஸ்வான் வெளிப்படையாகவே ஒரு கடிதம் எழுதினார்: உற்பத்தி போதவில்லை, சர்வருக்கான ஜியானுக்கும் கோர் வரிசைக்கும் முன்னுரிமை, கீழ்மட்ட கம்ப்யூட்டர்களுக்குச் சிப் தட்டுப்பாடு இருக்கும் என்று. பென்டியம் சந்தையில் அருகியபோது அத்லான் அந்த இடத்தில் அமர்ந்துகொண்டது. 'விலைக்கு ஏற்ற சரக்கு' என்று அன்று அதற்குக் கிடைத்த பெயரில் பாதி இந்தத் தட்டுப்பாடு வாங்கித் தந்தது.

மூன்றே ஆண்டில் காற்று திசை மாறியது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, எந்தச் சிப்பில் ஓடலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு பட்டியல் போட்டது. பென்டியம் ஜி5400 அதில் இருக்கிறது. அத்லான் 200ஜிஇ இல்லை. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றில் பெரும்பாலானவை வெளியே. ஏஎம்டியின் முதல் ஜென் வரிசையும் வெளியே. 2017-ல் எல்லோரும் பொறாமைப்பட்ட ஐ7 7700-க்கு இடமில்லை, மலிவு லேப்டாப்பில் தவழும் செலரான் என்4000-க்கு இடம் உண்டு. பாதுகாப்பு வசதிகள்தான் காரணம் என்கிறது நிறுவனம். காரணம் இருக்கலாம், ஆனால் மேசையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தின் விலையை, அதன் வேகத்தோடு தொடர்பில்லாத ஒரு பட்டியல் தீர்மானிப்பது நியாயமாகத் தெரியவில்லை. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. ஓராண்டு நீட்டிப்பு பெற வழி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

இதை வைத்துப் பென்டியத்துக்கே வெற்றி என்று எழுதிவிடலாம். அப்படி எழுத முடியாமல் தடுப்பது சிப் உட்காரும் சாக்கெட். அத்லான் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில், 2021-ல் வந்த ரைசன் 5 5600ஜி போன்றவற்றையும் பூட்ட முடியும்; பலகையின் பயாஸ் அதற்கு ஒத்துழைக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துக்கொண்டால் போதும். விண்டோஸ் 11 பிரச்சினையும் அதோடு தீர்ந்துவிடும். பென்டியத்தின் பலகை ஒன்பதாம் தலைமுறையோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பழைய ஐ5 8400 கிடைத்தால் நல்லதுதான், ஆனால் ஒன்பதாம் தலைமுறைக்கு மேல் பாதை இல்லை.

சிப் மாற்றும் வேலையில் இரண்டு இடங்களில் கை நிதானிக்க வேண்டும். பயாஸ் அப்டேட்டைப் பழைய சிப் பூட்டியிருக்கும்போதே முடித்துவிட வேண்டும்; நடுவில் கரண்ட் போனால் பலகையே போய்விடலாம். காற்றும் மழையும் சேர்ந்து கம்பியை ஆட்டும் நாளில் யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. அடுத்தது கூலரைக் கழற்றுவது. ஏஎம்4-ல் ஊசிகள் சிப்பின் அடியில் இருக்கின்றன. சிப்புக்கும் கூலருக்கும் நடுவே காய்ந்து இறுகிய பேஸ்ட், பூட்டிய நிலையிலேயே சிப்பைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஊசி வளைந்துவிடும். செட்டைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, பிறகு அணைத்துவிட்டு, கூலரை இடமும் வலமும் லேசாகத் திருகியபின் தூக்கும் மெக்கானிக்கைப் பார்த்தால் அவரையே பிடித்துக்கொள்ளலாம்.

ஆக, வாங்கிய செட்டை அப்படியே விண்டோஸ் 11-ல் ஓட்ட நினைக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் பென்டியம். அடுத்த ஆண்டு சில ஆயிரம் போட முடியும் என்கிற லாட்ஜ்காரருக்கு அத்லான் பலகை. விண்டோஸே வேண்டாம் என்றால் இந்தக் கேள்வியே எழாது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளில், கல்வித் தொழில்நுட்பத்துக்கான அரசு நிறுவனமான கைட் தரும் லினக்ஸில்தான் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பள்ளிகளும் டைப்பிங் சென்டர்களும் பழைய அத்லானைக் குப்பைக்கு அனுப்புமுன் அந்தப் பாதையை ஒருமுறை பார்க்கலாம்.

தமிழ்நாடு அரசும் இதில் ஒரு வாங்குகிறவர்தான், மாநிலத்திலேயே பெரிய வாங்குகிறவர். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டம் முதல், 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்ற அறிவிப்பு வரை, பேச்செல்லாம் எத்தனை பேருக்கு என்பதிலேயே நிற்கிறது. மிஞ்சினால் எந்தச் சிப் என்பது. இன்றைய மலிவு லேப்டாப்களில் சிப் பலகையோடு பற்றவைத்தே வருகிறது, அதைப் பின்னால் மாற்ற முடியாது. மாற்றக்கூடியவை ரேமும் எஸ்எஸ்டியும்தான். அவற்றையும் பற்றவைத்து விற்கும் மாடல்கள் பெருகிவருகின்றன. இனி வரும் டெண்டர்களில் ஒரு ரேம் ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும், எஸ்எஸ்டி கழற்றும்படி இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் கட்டாயமாக்க வேண்டும்.