இலவச நம்பர் யாருக்கு இலவசம்?

சகோதரிகளே, வீட்டிலேயே பொடி இடித்தும், அப்பளம் இட்டும், நைட்டி தைத்தும் நாலு காசு பார்க்கிற நம்மைத் தேடி இப்போதெல்லாம் ஒரு புது மாதிரி வியாபாரி வருகிறார். அவர் விற்பது பாத்திரமும் இல்லை, புடவையும் இல்லை, டெலிபோன் நம்பர்! "1800 என்று ஆரம்பிக்கிற டோல் ஃப்ரீ நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள் மேடம். பெரிய கம்பெனி மாதிரி இருக்கும். ஆர்டர் வந்து குவியும்" என்கிறார். வாங்கலாமா, வேண்டாமா? வாங்குவதானால் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்? இந்தத் தடவை அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இலவசம் என்பது கூப்பிடுகிறவருக்குத்தான். அவர் பேசும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு நம் கணக்கிலிருந்து போகும். 1860 என்று ஆரம்பிக்கும் நம்பர் வேறு வகை. அதில் கூப்பிடுகிறவரும் தன் பங்குக் கட்டணத்தைக் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால், அங்கேயே நிறுத்தி விளக்கம் கேளுங்கள்.

அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. கம்பெனி 1967-ல் 800 நம்பர்களை ஆரம்பித்தபோது வெளியூருக்குப் பேசுவது செலவு பிடித்த காரியம். நம் ஊரில் மட்டும் என்ன? எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நெஞ்சு படபடக்கப் பேசினோமே! ராத்திரி கட்டணம் குறையும் நேரம் பார்த்து வரிசையில் நின்றோமே! அந்த நாளில், "செலவு என்னுடையது, நீங்கள் தாராளமாகப் பேசுங்கள்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அது பெரிய உபசாரம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு கதை மாறிவிட்டது. இன்று பெரும்பாலான மாத ரீசார்ஜிலேயே பேச்சும் அடங்கிவிடுகிறது. ஆகவே, 'இலவசம்' என்ற ஒரே காரணத்துக்காக நம்மைக் கூப்பிடுகிறவர்கள் குறைவு.

"அப்படின்னா நமக்கு எதுக்குக்கா தனி நம்பர்?" என்று கேட்டாள் என் ஓரகத்தி. தஞ்சாவூரில் பருப்புப் பொடியும் வடகமும் போட்டு விற்கிறாள். தனி நம்பர் வேண்டும்தான். ஆனால் காரணம் வேறு.

பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில், குறை இருந்தால் யாரிடம் சொல்வது என்று பெயர், முகவரி, டெலிபோன் நம்பர், ஈ-மெயில் எல்லாம் அச்சிட வேண்டும் என்பது 2011-ம் வருஷத்து விதி. அவளும் தன் சொந்த செல் நம்பரையே கவரில் போட்டிருந்தாள். விளைவு? ராத்திரி 11 மணிக்கு மிஸ்டு கால். "பொடி இருக்குங்களா?" என்று ஆரம்பித்து, "வீட்ல தனியாவா இருக்கீங்க?" என்று முடிகிற அழைப்புகள். ஒரு நாள் பத்தாவது படிக்கிற பெண் போனை எடுத்து, முகம் வெளிறிப்போய் அம்மாவிடம் நீட்டியிருக்கிறாள். "போதும், வியாபாரத்தை ஏறக்கட்டுனு அவர் சொல்றாருக்கா. போனை அணைச்சு வெச்சாலோ ஆர்டர் போயிடுது" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

பாருங்கள், ஒரு நம்பரால் ஒரு பெண்ணின் ஐந்து வருஷ உழைப்பே நின்றுபோகும் நிலை! நமக்கு வேண்டியது இலவச நம்பர் இல்லை. நம் சொந்த வாழ்க்கையிலிருந்து பிரிந்து நிற்கிற, நேரத்துக்கு எடுக்கப்படுகிற நம்பர். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எந்த முடிவுக்கும் முன்னால் 15 நாள் ஒரு நோட்டுப் போடுங்கள். பால் கணக்கு எழுதுகிற மாதிரிதான். கூப்பிட்டவர் உள்ளூரா வெளியூரா, ஆர்டரா விசாரணையா புகாரா, எத்தனை நிமிடம், எந்த நேரம் - நாலே கட்டம். என் ஓரகத்தியும் எழுதினாள். நாளைக்குச் சுமார் 20 அழைப்பு. ஒவ்வொன்றும் 3 நிமிடம். ஆர்டர் எல்லாம் காலை 10-லிருந்து மாலை 6-க்குள் வந்துவிடுகிறது. ராத்திரி 9-க்கு மேல் வந்ததில் ஆர்டர் என்று ஒன்றுகூட இல்லை!

அடுத்தது காசுக் கணக்கு. நிமிடத்துக்கு 1 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 20 அழைப்பு, 3 நிமிடம், 30 நாள் - 1800 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம் 324. ஆக 2124 ரூபாய். பாக்கெட்டுக்கு 40 ரூபாய் லாபம் என்றால், 54 பாக்கெட் விற்றால்தான் போன் செலவுக்கே கட்டும். மாத வாடகை தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான்!

நம் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, தொழிலுக்கென்று தனி சிம், பழைய போன் ஒன்று, அதில் வாட்ஸ்அப் பிசினஸ். செலவு மிகக் குறைவு. 6 மணிக்கு அணைத்து அலமாரியில் வைத்துவிடலாம். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இதுவே போதும்.

இரண்டு, வர்ச்சுவல் நம்பர். இதற்குத் தனிக் கருவி வேண்டாம். அந்த நம்பரைக் கூப்பிட்டால் கம்ப்யூட்டர் எடுத்து வணக்கம் சொல்லி, நாம் சொல்லிவைத்த போனுக்குத் திருப்பிவிடும். நாம் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும். நம் சொந்த நம்பர் வெளியே தெரியாது. நேரம் முடிந்ததும், "காலை 10 மணிக்குக் கூப்பிடுங்கள்" என்று அதுவே சொல்லும்.

மூன்றாவதுதான் 1800. பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், டாடா போன்ற நிறுவனங்கள் தருகின்றன. பல ஊர்க் கடைகளுக்குச் சரக்குப் போட்டு, புகார் கேட்கவென்றே ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். வாடிக்கையாளருக்கு ஒரு நம்பிக்கை வரும் என்பதும் உண்மைதான். ஆனால் மணி அடித்து அடித்து யாரும் எடுக்காத 1800-ஐவிட, இரண்டாவது மணியில் "சொல்லுங்கம்மா" என்று எடுக்கிற சாதாரண நம்பருக்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவதோ மூன்றாவதோ என்று முடிவானால், கையெழுத்துப் போடுமுன் கீழே உள்ளவற்றைக் கேளுங்கள். பதில்களை எழுத்தில் வாங்குங்கள்.

1. நம்பர் யார் பெயரில் இருக்கும்? கம்பெனி மாறினால் நம்பரை எடுத்துப் போக முடியுமா? அமெரிக்காவில் 1993 முதல் 800 நம்பரைக் கம்பெனி விட்டுக் கம்பெனி கொண்டுபோகலாம். நம் செல் நம்பருக்கும் 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் அந்த வசதி உண்டு. அதே மாதிரிதான் இதுவும் என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. ஐயாயிரம் கவர் அச்சடித்த பிறகு நம்பர் போய்விட்டால், கவரும் காசும் சேர்ந்து போகும்.

2. நிமிடத்தை எப்படி எண்ணுகிறார்கள்? 3 நிமிடம் 5 விநாடி பேசினால் 4 நிமிடம் என்று போடுவார்களா? அப்படியானால் மேலே சொன்ன 2124 ரூபாய், 2832 ஆகிவிடும். அவர் கூப்பிட்டதற்கு ஒன்று, நம் போனுக்குத் திருப்பியதற்கு ஒன்று என்று இரட்டைக் கட்டணம் உண்டா? மீதியான நிமிடம் அடுத்த மாதத்துக்கு வருமா?

3. திருப்பிக் கூப்பிட்டால் அவர் போனில் எந்த நம்பர் தெரியும்? 1800 நம்பர் அழைப்பை வாங்கத்தான். அதிலிருந்து கூப்பிட முடியாது. சொந்த செல்லிலிருந்து பேசினால் நம் நம்பர் அவர் கைக்குப் போய்விடும். இவ்வளவு செலவு செய்தும் பலன் இல்லை.

4. வெளிநாட்டிலிருந்து கூப்பிட முடியுமா? பொதுவாக 1800 நம்பருக்கு அங்கிருந்து கிடைக்காது. துபாயிலும் சிங்கப்பூரிலும் வாடிக்கை உள்ளவர்கள் சாதாரண நம்பர் ஒன்றையும் கூடவே போட வேண்டும்.

5. வரவேற்பு தமிழில் இருக்குமா? தொல்லை தருகிறவர் நம்பரைத் தடுக்க முடியுமா? பேச்சுப் பதிவாகுமென்றால், அதை யாரெல்லாம் கேட்கலாம்?

இன்னொரு யோசனை. விற்க வருகிறவரின் சொந்த சர்வீஸ் நம்பரை வேறு வேறு நேரத்தில் மூன்று தடவை கூப்பிட்டுப் பாருங்கள். நம் பணத்தை வாங்குமுன்பே போனை எடுக்காதவர், வாங்கிய பின் எடுப்பாரா என்ன?

என் ஓரகத்தி இரண்டாவது வழியை எடுத்துக்கொண்டாள். தன் குரலிலேயே "வணக்கம், பொடி வேணும்னா ஒண்ணை அமுக்குங்க" என்று பதிந்து வைத்தாள். காலையில் அவள், மத்தியானம் மாமியார். மிச்சமிருந்த கவர்களில் பழைய நம்பர் மேல் புது ஸ்டிக்கர். பழைய வாடிக்கைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் தகவல். ராத்திரியில் இப்போது போன் அடிப்பதில்லை. வியாபாரத்தை ஏறக்கட்டு என்ற பேச்சும் வீட்டில் அடங்கிவிட்டது.

எந்த நம்பர் வாங்கினாலும், "நாங்கள் ஓ.டி.பி. கேட்பதில்லை" என்று ஒரு வரியைக் கவரில் சேர்த்துவிடுங்கள். கம்பெனிகளின் பெயரைச் சொல்லிப் பணம் பறிக்கிற கும்பல்கள் பெருகிவிட்டன. யாராவது பணம் ஏமாந்தால் உடனே 1930-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். ஆபாசமாகப் பேசித் தொல்லை கொடுத்தால் பயந்து வாய் மூடாதீர்கள். அழைப்பு வந்த நேரத்தையும் நம்பரையும் அழிக்காமல் வைத்து, 181 மகளிர் உதவி எண்ணிலோ போலீஸிலோ சொல்லுங்கள்.

கடைக்குக் கதவு வைக்கும்போது தாழ்ப்பாளும் சேர்த்துத்தானே வைக்கிறோம்? போன் நம்பரும் தொழிலுக்கு ஒரு கதவுதான். இன்றைக்கே நோட்டை எடுத்துக் கட்டம் போடுங்கள். 15 நாளில் உங்களுக்கு எது வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லிவிடும். அடுத்த இதழில் சந்திப்போம்.