116 ஏக்கர் எங்கே?

சென்னையில் 'பார்க் டவுன்' என்று ஒரு பேட்டை இருக்கிறது. 'பார்க்' என்றே ஒரு ரயில் நிலையமும் இருக்கிறது. டவுன் இருக்கிறது, ஸ்டேஷன் இருக்கிறது, "பார்க் எங்கே, ஐயா?" என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஆகாயத்தைப் பார்க்கிறார்கள்!

1859-இல் சென்னைக் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் டிரெவெலியன் உண்டாக்கிய 'பீப்பிள்ஸ் பார்க்'கின் விஸ்தீரணம் 116 ஏக்கர். குளங்கள், நடைபாதைகள், பாண்டு வாத்திய மேடை, பிற்பாடு ஒரு மிருகக்காட்சி சாலை எல்லாம் அதில் இருந்தன. எழும்பூர் மியூஸியத்துக்குச் 'செத்த காலேஜ்', இங்கே இருந்த மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று ஜனங்கள் பெயரிட்டார்கள். பள்ளிக்கூடப் படி ஏறாதவனுக்கும் இந்தப் பட்டணத்தில் இரண்டு காலேஜ்கள்!

அப்புறம் நடந்தது என்ன? 1880-களில் விக்டோரியா ஹால் எழுந்தது. 1900-இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913-இல் நகரசபையே ரிப்பன் கட்டிடத்தில் குடியேறியது. விளையாட்டு அரங்கம் தன் பங்கை எடுத்துக்கொண்டது. 1985-இல் மிருகங்கள் வண்டலூருக்குப் போயின. அதே வருஷம் மூர் மார்க்கெட் எரிந்தது. எரிந்த இடமாவது பூங்காவுக்குத் திரும்பியதா? இல்லை, அங்கே ரயில்வேக் கட்டிடம் வந்தது.

"நகர மண்டபம் வேண்டாமா? சந்தை வேண்டாமா? ரயில் வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். எல்லாம் வேண்டியவைதான். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. கள்ளுக்கடை வைக்கப் பூங்காவைக் கேட்டால் ஊரே திரண்டு விரட்டும். நல்ல காரியத்துக்கென்று கேட்டால் யார் வாய் திறப்பார்கள்? ஒவ்வொரு நல்ல காரியமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டது. கடைசியில் மிஞ்சியது பெயர்ப் பலகை.

பூங்காவைக் 'காலி மனை' என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாயங்காலம் உங்கள் பேட்டைப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். ஒண்டுக்குடித்தனத்தில் படிக்க இடமில்லாத பையன் ஒரு பெஞ்சில் புஸ்தகத்தோடு உட்கார்ந்திருப்பான். மருமகளின் முகத்தைப் பார்த்துக் காப்பியைக் குடித்துவிட்டு நழுவி வந்த கிழவர் இன்னொரு பெஞ்சில் இருப்பார். காசு கொடுக்காமல் இரண்டு மணி நேரம் கௌரவமாக உட்கார நகரத்தில் அவர்களுக்கு வேறு இடம் எது? கதை எழுதுகிற எனக்கு இவர்களைத் தெரியும்; திட்டம் போடுகிறவர்களுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பூங்காக்களையும் விளையாட்டு மைதானங்களையும் காப்பாற்ற 1959-இலேயே சென்னை ராஜ்யத்தில் சட்டம் செய்தார்கள். டிரெவெலியன் வந்து சரியாக நூறு வருஷம் கழித்து! சர்க்காரின் முன் அனுமதியில்லாமல், பட்டியலில் சேர்ந்த பூங்காவை வேறு காரியத்துக்கு உபயோகிக்கக் கூடாது என்கிறது அது. அதாவது, அனுமதி இருந்தால் உபயோகிக்கலாம். பூட்டும் உண்டு, சாவியும் உண்டு. சாவி பூங்காவில் உட்காருகிறவர் கையில் இல்லை!

நான் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு பூங்காவின் வாசலிலும் அதன் மொத்த அளவை, மந்திரியின் பெயரை எழுதுகிற அதே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். எந்த நல்ல காரியத்துக்காக ஒரு கிரவுண்டு எடுத்தாலும், அதே பேட்டையில் இன்னொரு கிரவுண்டைக் கொடுத்துவிட்டு எடுங்கள். கொடுக்க இடமில்லை என்கிறீர்களா? அப்படியானால் எடுக்கவும் இடமில்லை.