அச்சப்படங்களும் அயற்பெயர்களும்

சேலம் ஏற்காட்டுச் சாலையில் மாடர்ன் தியேட்டர்சின் முகப்பு வளைவே இன்று எஞ்சி நிற்கின்றது. திருச்செங்கோடு இரா. சுந்தரம் நிறுவிய அப் படப்பிடிப்பு நிலையம் (அதன் பெயர் ஆங்கிலமே, மறைப்பானேன்?) 1952இலேயே அமெரிக்கரோடு கூடிக் 'காடு' என்னும் அறிவியற் புனைவுப் படத்தை ஆக்கியது. அற்றுப்போன மயிரடர் யானைகள் உயிரோடு உலவும் கதை அது. 1965இல் 'வல்லவனுக்கு வல்லவன்', 1966இல் 'வல்லவன் ஒருவன்' என மருமப் படங்கள் தொடர்ந்தன. கதையில் மேனாட்டு ஒற்றர்படங்களின் வாடை வீசிற்று. பெயரோ தமிழாய் நின்றது. பாட்டே இன்றி 1954இல் பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' ஒரு கொலை மருமத்தை எளிய இரு சொற்களுள் அடக்கிற்று.

பின்னை நேர்ந்தது என்ன? 2012இல் வந்த பேய்ப்படத்திற்குப் பெயர் 'பீட்சா'. 2015இல் வந்ததற்கு 'டார்லிங்'! அணங்கு, அலகை, கூளி, கழுது எனப் பேய்க்கே இத்துணைப் பெயர் வைத்திருக்கும் மொழியில் தலைப்பிற்கா பஞ்சம்? 2010இல் 'எந்திரன்' எனப் பெயரிட்டதாற் கூட்டம் குறைந்ததா? காலப்பொறியைக் கதையாக்கிய 'இன்று நேற்று நாளை' 2015இல் மக்களுக்கு விளங்காமற் போயிற்றா? 2006இல் அரசு தமிழ்ப்பெயர்ப் படங்களுக்குக் கேளிக்கை வரியை நீக்கியதும் 'சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்' என்றிருந்தது 'உனக்கும் எனக்கும்' ஆயிற்று. பணம் மிஞ்சும் என்றவுடன் உதிர்ந்த அவ் அயற்சொற்கள், அதற்கு முன்பு எதற்காக ஒட்டியிருந்தன?