சின்னத்திரையிலிருந்து பறந்த சூப்பர்மேன்

சூப்பர்ஹீரோ படங்கள், அதாவது காமிக்ஸ் எனப்படும் படக்கதை இதழ்களில் பிறந்த அதிமானுட நாயகர்களைத் திரைக்குக் கொண்டுவரும் ஹாலிவுட் படங்கள், தம் நாயகனைத் திரைப்பட நடிகர்களிலிருந்தே பொறுக்கியெடுக்க வேண்டும், தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தவர்கள் அந்தப் பாரத்தைத் தாங்கமாட்டார்கள் என்னும் நம்பிக்கை, எத்தனை முறை பொய்த்தாலும் சாவதில்லை. டிசி நிறுவனத்தின் புதிய படவரிசைக்குரிய பேட்மேன் யார் என்ற பேச்சில் இப்போது அது மீண்டும் தலையெடுத்திருக்கிறது. ஒரு தொடர் நடிகரின் பெயர் அடிபட்டதும், அவர் எதில் எப்படி நடித்தார் என்று கேட்பாரில்லை. ‘அது சின்னத்திரை முகம்’ என்ற ஒரே சொல்லில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. நடிப்பை விட்டுவிட்டுத் திரையின் அகலத்தை அளக்கும் இந்தத் தீர்ப்பு ரசனையும் அன்று, வணிக அறிவும் அன்று. வெறும் மேட்டிமைப் புத்தி.

சூப்பர்ஹீரோ படங்கள் என்னும் இந்தக் கோயிலின் மூலவரே எங்கிருந்து வந்தார் என்பதை இப்படித் தீர்ப்பளிப்பவர்கள் மறந்துவிட்டார்கள். 1978இல் ரிச்சர்ட் டானர் இயக்கிய ‘சூப்பர்மேன்’ படத்தின் நாயகன் கிறிஸ்டோபர் ரீவ், சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘லவ் ஆஃப் லைஃப்’ தொடரில் நடித்து அறிமுகமானவர். அது ‘சோப் ஓபரா’ வகையைச் சேர்ந்தது. சோப்பு நிறுவனங்களின் விளம்பரப் பணத்தில் வளர்ந்ததால் அப்பெயர் பெற்ற, இல்லத்தரசிகளுக்கென்று பகலில் ஒளிபரப்பான நெடுந்தொடர் வகை அது. தொலைக்காட்சிக்குள்ளேயே கடைசிப் படியில் வைத்து இகழப்பட்ட அந்த இடத்திலிருந்து வந்த இளைஞர்தான் சூப்பர்மேன் ஆனார். படத்தின் தொடக்கப் பகுதியில் சிறிது நேரமே தோன்றிய மார்லன் பிராண்டோவுக்கு 37 லட்சம் டாலரும் வசூலில் பங்கும் கொடுக்கப்பட்டன. நாயகனான ரீவுக்கு முதலிரண்டு படங்களுக்கும் சேர்த்து 2,50,000 டாலர் கிடைத்தது. பெயர்ப் பட்டியலிலும் பிராண்டோ, ஜீன் ஹாக்மன் ஆகியோருக்குப் பின்னரே அவருக்கு இடம். ஆனால் அரை நூற்றாண்டு நெருங்கும் இன்றும் அந்தப் படம் யாருடைய படமாக நினைக்கப்படுகிறது? நாயகி லோயிஸ் லேனின் வீட்டில் ரீவ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கூனிய தோளை நிமிர்த்தி, குரலைத் தாழ்த்தி, எந்தத் தந்திரக் காட்சியின் உதவியுமின்றி, சூப்பர்மேன் தன்னை மறைத்துக்கொள்ளும் சாதாரண மனிதரான கிளார்க் கென்ட்டிலிருந்து சூப்பர்மேனாக மாறி, மறுகணம் மனம் மாறிப் பழையபடி கூனிக்கொள்ளும் காட்சி, இந்த வகைப் படங்களில் எந்த நட்சத்திரமும் இன்னும் எட்டாத உயரம்.

ரீவின் வெற்றியைத் தற்செயல் என்று ஒதுக்குவோர், நெடுந்தொடர் என்னும் தொழில் ஒரு நடிகரிடம் என்ன கேட்கிறது என்பதை அறியாதவர்கள். அங்கே ஒரே நாளில் பக்கம் பக்கமாக வசனம் பேசி முடிக்க வேண்டும். மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்க நேரமில்லை. கேமரா எப்போதும் முகத்தருகே நிற்பதால் கண்ணிலும் குரலிலுமே எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும். பாதி முகத்தை முகமூடி மறைத்துவிடும் பேட்மேனுக்கு எஞ்சுவது கண்ணும் தாடையும் குரலும்தான் என்னும்போது, அந்த மூன்றையும் ஆண்டுக்கணக்கில் பழகியவரை விரட்டிவிட்டு, முகமூடிக்குள் மறையப்போகும் பிரபல முகத்துக்குக் கோடிகளைக் கொட்டுவதில் என்ன அறிவு இருக்கிறது? மேலும், தெரிந்த நட்சத்திரம் பறந்தால் பார்வையாளருக்கு நட்சத்திரம் பறப்பதாகவே படும். தெரியாத ரீவ் பறந்தபோது சூப்பர்மேன் பறந்தார்.

1997இல் வெளிவந்த ‘பேட்மேன் அண்ட் ராபின்’ தோல்வியை, அதில் பேட்மேனாக நடித்த ‘ஈஆர்’ மருத்துவமனைத் தொடரின் ஜார்ஜ் குளூனி தலையில் கட்டுவது இன்றும் வழக்கமாக இருக்கிறது. அந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலில் முதலில் நின்றவர் திரைப்பட நட்சத்திரமான ஆர்னால்ட் ஸ்வார்சுநேகர் என்பது ஏனோ யாருக்கும் நினைவில் இல்லை. ஆஸ்கர் பெற்ற ஹாலி பெர்ரியின் ‘கேட்வுமன்’ 2004இல் சரிந்தபோது, இனித் திரைப்பட நடிகர்களே வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. 2003இல் பென் அஃப்லெக் ஏற்று எடுபடாமல் போன டேர்டெவில் பாத்திரத்தை, 2015இல் தொடங்கிய தொடரில் சார்லி காக்ஸ் தமக்கே உரியதாக்கிக்கொண்டார். தோர் வேடமேற்ற கிறிஸ் ஹெம்ஸ்வொர்த் ‘ஹோம் அண்ட் அவே’ என்னும் ஆஸ்திரேலிய நெடுந்தொடரில் வளர்ந்தவர். 2025இல் புதிய சூப்பர்மேனாக வந்த டேவிட் கோரன்ஸ்வெட்டை முன்பு பலருக்கும் அறிமுகப்படுத்தியவை ‘தி பொலிட்டிஷியன்’, ‘ஹாலிவுட்’ ஆகிய நெட்ஃபிளிக்ஸ் தொடர்களே. அந்தப் படம் 60 கோடி டாலருக்குமேல் வசூலித்தது. ரீவ் திறந்துவைத்த கதவின் வழியேதான் இவர்கள் அனைவரும் வந்தார்கள்.

பிரபலப் பெயர் இல்லாமல் கூட்டம் வராது என்னும் இதே மூடநம்பிக்கை தமிழ் டப்பிங் துறையையும் விட்டுவைக்கவில்லை. 2019இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழில் வந்தபோது, அதன் நாயகர்களில் ஒருவரான அயர்ன் மேனுக்கு நடிகர் விஜய் சேதுபதி குரல் கொடுக்க, முந்தைய படங்களில் பழகிய குரல் போய்விட்டதே என்று ரசிகர்கள் குமுறினார்கள். குறை அந்த நடிகருடையது அன்று. இருட்டறையில் ஒலிவாங்கியின்முன் நின்று, வேற்றுமொழி உதட்டசைவுக்குத் தமிழ்ச் சொல்லைப் பொருத்தும் அரிய தொழிலில் ஆண்டுக்கணக்கில் தேர்ந்த கலைஞர்களை, சுவரொட்டியில் போட ஒரு பெயர் வேண்டும் என்பதற்காக நகர்த்திவைக்கும் மனப்பான்மையுடையது. பெயர் தெரியாத உழைப்பாளியின் தொழில்திறனை மதிக்கத் தெரியாத இடத்தில்தான் இந்த இரண்டு அநீதிகளும் பிறக்கின்றன.

சின்னத்திரை முகம் ஆகாது என்னும் நம்பிக்கையின் முழு அவலமும் 2023இல் வந்த ‘தி ஃபிளாஷ்’ படத்தில் வெளிப்பட்டது. அதே பெயரிலான தொலைக்காட்சித் தொடரில் 2014 முதல் 2023 வரை 9 பருவங்கள், 184 பகுதிகள், ஃபிளாஷ் என்னும் சூப்பர்ஹீரோ வேடத்தைச் சுமந்து ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்கு ஃபிளாஷாகவே வாழ்ந்த கிராண்ட் கஸ்டின், தொடர் முடிந்த சில வாரங்களில் வெளியான அந்தப் படத்தில் ஒரு நொடிகூட இடம்பெறவில்லை. நாயகனாக நடித்தவர் திரைப்பட நடிகர் எஸ்ரா மில்லர். படம் வசூலில் படுத்தது. ஆனால் அதன் உச்சக்கட்டத்தில், பல உலகங்களின் நாயகர்களை ஒருசேரக் காட்ட வேண்டிய கட்டம் வந்தபோது, 2004இல் மறைந்த ஒருவரின் உருவத்தைக் கணினி வரைகலையால் உயிர்ப்பித்துச் சிவப்பு மேலங்கி போர்த்தி நிறுத்தினார்கள். உயிரோடிருந்த தொடர் நடிகருக்கு இடம் மறுத்த அந்தப் படம் அவ்வாறு தேடிப்போய்க் கொண்டுவந்தது, ‘லவ் ஆஃப் லைஃப்’ நெடுந்தொடரில் நடித்த கிறிஸ்டோபர் ரீவின் முகத்தை.