வீட்டுக் குறிப்பு: ஆபீஸ் மேஜைக்கு ஏற்ற செடி

தேராவில் நாயிஃப், அல் ரிக்கா பக்கம் ஆபீஸ் வேலை பார்க்கும் நம் சங்க அன்பர்கள் பலருக்கு, மேஜை மேல் ஒரு பச்சைச் செடி இருந்தால் மனதுக்கு இதமாயிருக்குமே என்ற ஆசை உண்டு. முதலில் நினைவுக்கு வருவது துளசிதான். ஆனால் துளசி வெயிலில் வளரும் செடி. ஜன்னல் இல்லாத ஏ.சி. அறையில் சில வாரங்களிலேயே இலை உதிர்ந்து வாடிவிடும். உடனே "ஏதோ அபசகுனம்" என்று வீட்டில் கவலை வந்துவிடுகிறது. அபசகுனம் ஒன்றுமில்லை, வெளிச்சக் குறைவே காரணம். துளசியை வீட்டுப் பால்கனியில், காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள். ஆபீஸுக்கு வேறு செடி பார்ப்போம்.

அந்தச் செடி மூன்று சோதனைகளில் தேற வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் பிழைக்குமா? ஏ.சி.யின் வறண்ட காற்றைத் தாங்குமா? நாம் ஒரு மாத லீவில் ஊருக்குப் போனால் தண்ணீரின்றிக் காத்திருக்குமா?

மூன்றிலும் தேறுவது ஸ்நேக் பிளான்ட். இதன் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. நம் ஊர் வறண்ட காடுகளில் வளரும் மருளுக்கு உறவு. தடித்த இலையில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இலைத் துளைகளைப் பகலில் மூடி இரவில் திறப்பதால் நீர் அதிகம் வீணாவதில்லை. குறைந்த வெளிச்சத்தில் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், பொறுமை வேண்டும். மணி பிளான்ட்டும் நல்லதே. ஆனால் லீவில் போகும்போது அடுத்த மேஜைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

இச்செடிகள் பெரும்பாலும் சாவது தாகத்தால் அல்ல, நம் அன்பு மிகுதியால்தான். தினமும் நீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள்; நன்றாகக் காய்ந்த பின் ஊற்றினால் போதும். ஸ்நேக் பிளான்ட்டுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை சரியாயிருக்கும். தொட்டியின் அடியில் துளை அவசியம். கோடையில் இங்கே குழாயில் வருவது வெந்நீர். முதல் நாளே பிடித்து ஆறவைத்து ஊற்றுங்கள். ஏ.சி. காற்று நேரே படும் இடமும் வேண்டாம்.

செடி அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று கடைக்காரர் சொன்னால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். 1989-இல் வந்த நாஸா ஆய்வு, மூடிய சிறு அறைகளில் செய்யப்பட்டது. சாதாரண அறையில் ஒன்றிரண்டு செடிகளால் அப்பயன் கிட்டாது என்று 2019-இல் வெளிவந்த மறு ஆய்வு காட்டியது. கண்ணுக்குக் குளிர்ச்சி என்பதே போதுமான லாபம்.

ஒரு எச்சரிக்கை: இவ்விரு செடிகளின் இலையையும் கடித்தால் வாயும் வயிறும் பாதிக்கும். வீட்டுக்குக் கொண்டு போனால் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.